திருத்தம் அச்சில் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சமூக ஊடகக் காணொளிகளில் பரவும் பொய்ச் செய்திகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் அண்மையில் எழுதிய தலையங்கத்தைப் படித்தேன். கையில் ஒரு செல்போனும் ஒரு மைக்கும் இருந்தால் எவரும் செய்தியாளர் ஆகிவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது என்றும், இத்தகைய தனிநபர் யூடியூப் சேனல்களுக்கு அரசு கடிவாளம் போட வேண்டும் என்றும் அதில் கூறியிருந்தீர்கள். அந்தச் சேனல்கள் செய்யும் தீங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் 2023 மார்ச் மாதத்தில் ஒரு பொய் திருப்பூரை ஆட்டிவைத்ததைப் பனியன் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில், பழி முழுவதையும் யூடியூபர்கள் தலையில் கட்டுவது நடந்தவற்றோடு பொருந்தவில்லை என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்ற அந்தப் பொய் வாசகர்கள் பலருக்கும் நினைவிருக்கும். அது யார் யார் கை வழியே வந்தது என்பதுதான் மறந்துபோயிருக்கிறது. அடிப்படையாக இருந்தவை வாட்ஸ்ஆப்பிலும் ட்விட்டரிலும் சுற்றிய, எடுத்தவர் பெயர் தெரியாத துண்டுக் காட்சிகள். அவற்றில் இரண்டைப் பற்றி அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு தாமே காணொளியில் தோன்றி விளக்கினார். ஒன்று திருப்பூரில் பிகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள் நடந்த மோதல். மற்றது கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். வேறொன்று ராஜஸ்தான் மாநிலம் ஜோத்பூரில் வழக்கறிஞர் ஒருவர் கொல்லப்பட்ட காட்சி. காட்சிகள் மெய்யானவை, அவற்றின் மேல் ஒட்டப்பட்ட ஊரும் காரணமும்தான் பொய். பெயரில்லாமல் பரப்புகிறவர்களின் வேலை பெரும்பாலும் இதுவே. 2018ஆம் ஆண்டு குழந்தை கடத்தல் வதந்தியின்போதும், பாகிஸ்தானின் கராச்சியில் விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட ஒரு காணொளியில், குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு அறிவுரை சொல்லும் இறுதிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு நாடெங்கும் பரப்பினார்கள். அந்த வதந்தி உச்சத்தில் இருந்த மே மாதத்தில்தான் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி வந்து, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார்.

இத்தகைய துண்டுக் காட்சிகளுக்குத் தாமாக ஓடும் வலிமை குறைவு. அவற்றைத் தூக்கிச் செல்ல ஆள் வேண்டும். 2023 பிப்ரவரி இறுதியில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கட்சியின் செய்தித் தொடர்பாளர், அதுவும் வழக்கறிஞர், இந்தி பேசியதற்காகப் பன்னிரண்டு பிகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தூக்கிலிடப்பட்டதாக ட்விட்டரில் எழுதினார். பின்னாளில் உச்ச நீதிமன்றம் அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது. ஆனால் அவர் எழுதியது அதற்குள் தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. அடுத்த கட்டத்தில் வந்தார்கள் தங்கள் தலையங்கம் குறிப்பிடும் யூடியூபர்கள். இவர்கள் காட்சியோடு ஆவேசத்தைச் சேர்த்தார்கள். காட்சி கிடைக்காதபோது காட்சியைத் தயாரிக்கவும் செய்தார்கள்: தலையிலும் கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு, தமிழ்நாட்டில் அடிபட்டுத் திரும்பியவர்கள் என்று இருவர் பேசிய காணொளி, பட்னாவின் ஜக்கன்பூர் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் எடுக்கப்பட்டது என்பதைப் பிகார் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு கண்டுபிடித்தது.

இதுவரை தலையங்கம் சரி. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் அது விட்டுவிட்டது. வட இந்தியாவில் மிகப் பரவலாக வாசிக்கப்படும் ஒரு இந்தி நாளிதழ் இதைச் செய்தியாக வெளியிட்டது. அதன் ஆசிரியர் மீது திருப்பூரில் வழக்குப் பதிவாயிற்று. அப்போது பிகார் முதலமைச்சராக இருந்த நிதிஷ் குமார் மார்ச் 2 அன்று தமது அதிகாரிகளுக்குத் தமிழ்நாட்டு அரசுடன் பேசும்படி ஆணையிட்டதைத் தெரிவித்தபோது, தாக்குதல் பற்றித் தாம் செய்தித்தாள்கள் வாயிலாக அறிந்ததாகவே குறிப்பிட்டார். யூடியூபில் பார்த்தேன் என்று ஒரு முதலமைச்சர் சொல்ல மாட்டார். பேப்பரில் வந்த பின்தான் அது பிகார் சட்டமன்றத்துக்குப் போயிற்று. சட்டமன்றத்தில் அமளி நடந்த பின், அந்த அமளியையே செய்தியாக்கித் தொலைக்காட்சிகள் மணிக்கணக்கில் பேசின. அந்தப் பேச்சின் துண்டுகள் மீண்டும் ரீல்ஸாகவும் ஷார்ட்ஸாகவும் வெட்டப்பட்டு, முதலில் பொய் சொன்னவர்களின் சேனல்களுக்கே ஆதாரமாகத் திரும்பி வந்தன. அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8 அன்று வந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஹோலிக்கு ஊர் போகிறவர்களால் கோவையிலும் சென்னை சென்ட்ரலிலும் ரயில்கள் நிரம்பி வழிவது வழக்கம். அந்த ஆண்டு அதே கூட்டம் உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்களின் கூட்டமாகத் திரையில் மாறியது.

எங்கள் கம்பெனியில் அப்போது செக்கிங் பிரிவில் பிகாரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வேலை பார்த்தார். அவருடைய தாயார் வீடியோ காலில் அழைத்து, சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டு, தலையைக் குனிந்து காட்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மேனேஜர் அந்தப் பையனை போனோடு பவர் டேபிள் எனப்படும் தையல் மெஷின் வரிசை முழுவதும் நடக்கவிட்டு, மெஷின்கள் ஓடுவதையும் ஆட்கள் தைப்பதையும் காட்டச் சொன்னார். அப்படியும் அந்த அம்மாவுக்குச் சமாதானம் ஆகவில்லை. பையன் எங்களிடம் மொழிபெயர்த்துச் சொன்னது இதுதான்: வீடியோவை நான் நம்பவில்லை, ஆனால் பேப்பரிலும் வந்திருக்கிறதே என்கிறார். நான்காம் நாள் அந்த இளைஞர் ஊருக்குக் கிளம்பிவிட்டார். பெற்ற மகனின் முகத்தை வீடியோ காலில் பார்த்தும் தீராத ஐயத்தை ஒரு நாளிதழின் பெயர் உண்டாக்கியிருந்தது என்பதை நான் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

தமிழ்நாட்டுச் சேனல்களும் இந்தக் கதையில் வெறும் பார்வையாளர்கள் அல்ல. அதே ஆண்டு ஜனவரியில் திருப்பூரில் நடந்த ஒரு தகராறில் வடமாநிலத் தொழிலாளர்கள் சிலர் உள்ளூர்க்காரர்களைத் துரத்தும் காட்சி வெளியாயிற்று. அது தனிப்பட்ட தகராறு என்று காவல்துறை சொல்லியும், தமிழர்களைத் தமிழ்நாட்டிலேயே விரட்டுகிறார்கள் என்ற பொருளில் தமிழ்ச் சேனல்கள் பல அதைப் போட்டுத் தள்ளின. பிப்ரவரியில் ஓடும் ரயிலில் வடமாநிலத் தொழிலாளர்களை ஒருவர் அடித்து இழிவாகப் பேசும் காணொளி வந்தது. அது உண்மை, ரயில்வே போலீசார் அவரைக் கைது செய்தார்கள். மார்ச் மாதப் பொய் இவ்வளவு எளிதில் பற்றிக்கொண்டதற்கு, இங்கே இரண்டு மாதமாக உலர்த்தி வைக்கப்பட்டிருந்த சருகும் ஒரு காரணம். பட்னாவை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது.

பிறகு நிலைமை சீரானது எப்படி என்பதும் கவனிக்கத்தக்கது. பிகார் அரசு, கிராம வளர்ச்சித் துறைச் செயலர் பாலமுருகன் தலைமையில் நால்வர் குழுவை அனுப்பியது. அவர்கள் திருப்பூர், கோவை என்று தொழிலாளர்களை நேரில் சந்தித்தார்கள். அப்போது முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் திருநெல்வேலி மாவட்டம் காவல்கிணறில் ஒரு தொழிற்சாலைக்குச் சென்று வடமாநிலத் தொழிலாளர்களோடு பேசினார். மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் இந்தி தெரிந்தவர்களை அமர்த்தி உதவி எண்களை அறிவித்தன. உண்மை சரிபார்க்கும் ஆல்ட் நியூஸ் போன்ற தளங்கள் ஒவ்வொரு காட்சியின் மூலத்தையும் தேடி வெளியிட்டன. அரசுகளும் சில சிறிய தளங்களும் இந்த வேலையைச் செய்தன. செய்தியை வெளியிட்ட பெரிய நிறுவனங்கள், வெளியிட்ட அதே இடத்தில், அதே நீளத்தில், அதே சத்தத்தோடு அது பொய் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. காணொளிகள் சத்தமில்லாமல் காணாமல் போயின, அவ்வளவுதான்.

தனிநபர் யூடியூபருக்கு நேர்ந்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தப் பொய்க் காணொளிகளைப் பரப்பியதாக வழக்குப் பதிவான மணீஷ் காஷ்யப் என்ற பிகார் யூடியூபர் மார்ச் 18 அன்று சரணடைந்தார். தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டார். அந்த ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே ஆண்டு நவம்பரில் ரத்து செய்தது. அவர் விடுதலையாகி, 2024இல் ஒரு தேசியக் கட்சியில் சேர்ந்து, பின்பு அதிலிருந்து விலகி, 2025 பிகார் சட்டமன்றத் தேர்தலில் வேறு கட்சியின் வேட்பாளராக நின்றார். விசாரணையின்றி அடைக்கும் சட்டத்தை ஒரு யூடியூபர் மீது பாய்ச்சியது மிகை என்பதே என் கருத்து. அதனால் அவர் பெரிய ஆளானார் என்பதைத் தவிர வேறு பயன் விளைந்ததாகத் தெரியவில்லை. தங்கள் தலையங்கம் கேட்கும் கடிவாளம் நடைமுறையில் இப்படித்தான் முடியும் என்று அஞ்சுகிறேன்.

யூடியூபர் ஏன் அப்படிச் செய்கிறார் என்பது ஒளிவுமறைவு இல்லாத விஷயம். ஆயிரம் சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் சேனலுக்கு விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்கும். நீண்ட காணொளிகளுக்கு அந்தப் பங்கு 55 சதவீதம். அரிசி விலையைப் பற்றி நிதானமாகப் பேசினால் அந்த 4,000 மணி நேரம் வராது. ஆனால் இதே கணக்குதானே நாளிதழ்களின், தொலைக்காட்சிகளின் சேனல்களுக்கும்? அவர்களுக்குச் சந்தாதாரர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், நிருபர்கள் இருக்கிறார்கள், டெஸ்க்கில் சரிபார்க்க ஆள் இருக்கிறார்கள். இவ்வளவும் இருந்தும் 2016 நவம்பரில் புதிய 2000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது என்று நாட்டு மக்களுக்குச் சொன்னவை முன்னணித் தொலைக்காட்சிகள்தாம். 2025 மே 8 இரவு கராச்சித் துறைமுகம் அழிந்தது என்றும் இஸ்லாமாபாத் வீழ்ந்தது என்றும் நேரலையில் முழங்கியவையும் அவைதாம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அதே ஆண்டு ஜனவரியில் ஒரு விமானம் விழுந்து எரிந்த காட்சி, கராச்சி எரியும் காட்சியாக அன்று சுற்றியது. வீடியோ கேம் காட்சிகளும் சுற்றின. பாகிஸ்தான் ராணுவச் செய்தித் தொடர்பாளர் இரண்டு போர் விமானங்களை இழந்ததை ஒப்புக்கொள்வதுபோலச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட காணொளி ஒன்றும் அந்த நாட்களில் பரவியது. தொலைக்காட்சிகள் நிகழ்ச்சிக்கு விறுவிறுப்பூட்ட வான்வழித் தாக்குதல் எச்சரிக்கைச் சைரனை ஒலிக்கவிட்டதால், உண்மையான சைரன் ஒலிக்கும்போது மக்கள் அலட்சியமாக இருந்துவிடுவார்கள் என்று மத்திய அரசே அறிவுரை வெளியிட வேண்டியதாயிற்று. பாவம், சைரனுக்குக் கூட நம்பகத்தன்மை போய்விட்டது.

முற்றிலும் போலியான சேனல்கள்கூடப் பெரிய நிறுவனங்களின் முகத்தைத்தான் திருடுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 டிசம்பரில் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் மூன்று யூடியூப் சேனல்களைப் பொய்ச் சேனல்கள் என்று அறிவித்தது. மூன்றுக்கும் சேர்த்துச் சுமார் 33 லட்சம் சந்தாதாரர்கள். அவற்றின் காணொளிகள் 30 கோடிக்கு மேல் பார்க்கப்பட்டிருந்தன. தொலைக்காட்சிகளின் சின்னத்தையும் செய்தி வாசிப்பாளர்களின் படத்தையும் தம்ப்நெயிலில், அதாவது காணொளியின் முகப்புப் படத்தில், ஒட்டியே அவை பார்வையாளர்களை ஏமாற்றியதாக அரசின் குறிப்பு சொன்னது. போலி நோட்டு அடிப்பவன் புழக்கத்தில் உள்ள நோட்டைத்தான் பார்த்து அடிப்பான்.

தம்ப்நெயில் என்றதும் தங்கள் நாளிதழின் சேனலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிவப்புப் பின்னணி, கண்கள் விரிந்த ஒரு தலைவரின் முகம், இன்னொருவரின் முகத்தைச் சுற்றி வட்டம், அதை நோக்கி ஒரு அம்புக்குறி, மேலே மஞ்சள் எழுத்தில் ‘சற்றுமுன்’, கீழே ‘ராஜினாமா’ என்று கொட்டை எழுத்து. அந்தச் சொல்லின் முடிவில், செல்போன் திரையில் கண்ணுக்கு எட்டாத அளவில் ஒரு கேள்விக்குறி. காணொளியைத் திறந்தால், ராஜினாமா செய்யப்போவதாக எழுந்த பேச்சை அவர் மறுத்தார் என்பது ஏழாம் நிமிடத்தில் வருகிறது. சட்டப்படி இதில் பொய் எதுவும் இல்லை. அந்தக் கேள்விக்குறி சேனலுக்கு முன்ஜாமீன். ஆனால் பேருந்தில் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறவர் படிப்பது தம்ப்நெயிலை மட்டும்தான். அச்சு இதழில் இதே தலைப்பைத் தாங்கள் ஒருபோதும் அனுமதித்திருக்க மாட்டீர்கள். எனவே இது அறியாமையால் நேர்வதன்று. ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு ஒழுக்கங்கள் இயங்குகின்றன.

இதற்குச் சட்டம் வழிவிட்டிருப்பதும் உண்மை. அச்சில் வந்தால் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் பத்திரிகை மன்றத்தில் முறையிடலாம். தொலைக்காட்சியில் வந்தால் ஒளிபரப்பாளர்களே அமைத்துக்கொண்ட ஆணையம் இருக்கிறது. இணையத்தில் வரும் செய்திக்கு 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு வெளியீட்டாளரும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் புகாரின் மீது 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒரு காணொளி ஓடி ஓய்வதற்கு இரண்டு நாள் போதும் என்ற நிலையில், இந்த 15 நாள் எவருக்கும் இடைஞ்சலாக இருக்காது. யூடியூபர்களையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர நினைத்த ஒளிபரப்பு மசோதாவின் வரைவை எதிர்ப்புக் காரணமாக 2024இல் மத்திய அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே தீர்மானிக்கும் பிரிவை மத்திய அரசு அமைக்க முயன்றதை, அதே ஆண்டு செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. அரசே வாதியாகவும் நீதிபதியாகவும் இருப்பதைப் பத்திரிகைகள் கேட்டு வாங்கக் கூடாது. தமிழ்நாடு அரசு 2023இல் அமைத்த உண்மை சரிபார்ப்புக் குழு மீதும் எனக்கு இதே தயக்கம் உண்டு.

ஆகவே தங்களிடமிருந்து நான் எதிர்பார்ப்பது அரசிடம் கோரிக்கை வைக்கும் தலையங்கத்தை அன்று. தங்கள் அச்சு இதழில் பிழை நேர்ந்தால் மறுநாள் ‘திருத்தம்’ என்று கட்டம் கட்டி வருகிறது. சிறிய எழுத்தில், உள்பக்கத்தில் வந்தாலும் வருகிறது; அந்த வழக்கத்தால்தான் நான் இந்த நாளிதழைத் தொடர்ந்து வாங்குகிறேன். தங்கள் யூடியூப் சேனலில் அப்படி ஒரு திருத்தத்தை நான் கண்டதில்லை. ஒருமுறை ஏற்றிய காணொளிக்குப் பதிலாக வேறொன்றை அதே முகவரியில் வைக்க முடியாது என்பதும், நீக்கினால் அதுவரை சேர்ந்த பார்வைக் கணக்கு போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் காணொளி விவரப் பகுதியில் ‘Correction:’ என்று ஆங்கிலத்தில் எழுதி நேரத்தைக் குறித்தால், அந்த இடம் ஓடும்போது திரையின் மூலையிலேயே அறிவிப்புத் தோன்றும்படி ஒரு வசதியை 2022 முதல் அந்தத் தளமே தந்திருக்கிறது. அதற்குக் காசு இல்லை. ஒரு துணை ஆசிரியரின் ஐந்து நிமிடம் போதும். காட்சி முழுவதும் பொய்யாகிப்போனால், நீக்குவதோடு நிறுத்தாமல், அதே தொகுப்பாளர் அதே இடத்தில் அமர்ந்து, இன்ன காட்சியை இன்ன ஊர் என்று தவறாகச் சொன்னோம் என்று பேசும் காணொளியை ஏற்ற வேண்டும். நீக்கப்பட்ட காணொளியின் துண்டுகள் அதற்குள் ஊரார் செல்போன்களில் ஏறியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு வருகிறவருக்குக் காட்டுவதற்கு நம் கையில் ஒரு மறுப்பாவது இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பிறர் எடுத்த காட்சியைப் பயன்படுத்தும்போது, எடுத்த ஊரும் தேதியும் தெரிந்தால் அது ஓடும் நேரம் முழுவதும் திரையில் இருக்க வேண்டும். தெரியாவிட்டால் அந்தக் காட்சியைப் போடாமல் இருப்பதே நேர்மை. கோப்புக் காட்சி என்று மூன்று விநாடி காட்டிவிட்டு எடுத்துவிடுவது போதாது, ஏனெனில் ஷார்ட்ஸுக்கு வெட்டும்போது முதலில் போவது அந்த மூன்று விநாடிதான். ஜோத்பூர்க் காட்சியின் மேல் ஜோத்பூர் என்று எழுதியிருந்தால், அதைத் திருப்பூர் ஆக்க ஒருவர் கொஞ்சமாவது உழைத்திருக்க வேண்டியிருக்கும்.

தங்கள் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் யார் என்பதை இணையதளத்தின் அடியில் தேடிக் கண்டுபிடித்தேன். சேனலில் எங்கும் அது இல்லை. ஒவ்வொரு காணொளியின் விவரப் பகுதியிலும் அவருடைய பெயரையும் மின்னஞ்சலையும் சேர்க்கும்படியும், இந்தக் கடிதப் பகுதிக்குக் கீழேயே வாரம் ஒருமுறை, தங்கள் சேனலிலிருந்து நீக்கப்பட்ட காணொளிகளின் தலைப்பையும் நீக்கிய காரணத்தையும் அச்சிட இயலுமா என்பதைத் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பனியன் தொழில் சார்ந்த வாசகர் ஒருவர்,
திருப்பூர்.